முதல் தரத்தில் நாகலெட்சுமி

ஐயா, குற்றவாளி நீர்தான்.

உமது பெயர் எனக்குத் தெரியாது. தெரு தெரியாது. சீமையில் எந்தத் துறைமுகத்துப் பக்கம் உமது கிட்டங்கி இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் அந்தக் கிட்டங்கியில் என் அக்கா மகள் நாகலெட்சுமி இருக்கிறாள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஈயத்தாள் சுற்றி, பலகை போட்டு ஆணியடித்து, பதினேழு என்று நம்பர் குத்தி வைத்திருக்கிறீர். களவாண்டீர் என்று சொல்ல மாட்டேன். ஏலத்தில் முறையாக எடுத்திருக்கிறீர். ரசீதும் கையில் வைத்திருப்பீர். எடுத்து ஆறு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறீர் பாரும், அதுதான் குற்றம்.

நான் ஹட்டனில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவன். ஒரு கூடை தக்காளி அழுகினதாகப் போய்விட்டால், அந்திக்குள் நாலு பேர் கடை வாசலில் நின்று என் பரம்பரையையே இழுப்பார்கள். உமக்கோ தேயிலை என்று சொல்லி வேறொன்றை விற்றிருக்கிறார்கள். மனுஷனென்றால் கோபம் வர வேண்டாமா? நடந்ததைச் சொல்கிறேன். கேட்டாவது வருகிறதா பார்ப்போம்.

டிக்கோயாவுக்கு மேலே மூணுபாலத் தோட்டம். அங்கே ஓர் ஆபீஸ். தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் அந்தத் தோட்டத்தில் இரண்டு இடத்தில் வசித்தார்கள். லயத்து வரிசை வீட்டில் உடம்பாக, ஆபீஸில் கடுதாசியாக. பிள்ளை பிறந்தால் ஒரு துண்டு எழுதுவார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் பேர் பதிந்தால் இன்னொரு துண்டு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் செக்ரோல் என்ற வரவுப் புத்தகத்தில் ஒரு கோடு. செத்தால் கடைசியாக ஒரு துண்டு. லயத்துக் கூரை ஒழுகும், ஆபீஸ் கூரை ஒழுகாது. ஆகவே உடம்பைவிடக் கடுதாசிக்குச் சௌகரியம் அதிகம்.

இவற்றையெல்லாம் பெரிய கிளாக்கர் கந்தப்பன் முப்பது வருஷமாகக் கட்டி மேய்த்து வந்தார். அவரிடம் அட்டவணை கிடையாது, நம்பர் கிடையாது. யாராவது போய் நின்றால், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "ஏழாம் நம்பர் லயத்து மூக்கன் மகளா? அந்த மூலையில எலி கடிச்ச கட்டு இருக்குல்ல, அதுக்குக் கீழ எலி கடிக்காத கட்டு, மேலேருந்து மூணாவது" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். எந்தத் துண்டும் காணாமற் போனதில்லை. யாரும் குறை சொன்னதும் இல்லை. குறையே வராத ஓர் ஏற்பாட்டுக்கு மேலதிகாரிகளிடம் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் இதற்கும் கிடைத்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நாலு தை மாதம், ஒரே தபால் பையில் இரண்டு கடிதம் வந்தன.

ஒன்று தோட்டத்தைக் கட்டியாளும் கொழும்புக் கம்பெனியிலிருந்து தோட்டத்து மேனேஜரான தொரைக்கு. தோட்டத்துப் பதிவேடுகள் யாவும் இனிமேல் நவீன முறைப்படி ஒழுங்கு செய்யப்படல் வேண்டும் என்று அதில் இருந்தது. நவீன முறை என்றால் என்ன என்று அதில் இல்லை. அந்த வருஷம் மலைநாட்டில் நவீனம் ஒரு காய்ச்சலாகப் பரவியிருந்தது. தொரைமார் கிளப்பில் கூடினால், முன்னெல்லாம் நாயைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது அவரவர் ஆபீஸ் அலுமாரியைப் பற்றிப் பேசினார்கள்.

மற்றக் கடிதம் நாகலெட்சுமிக்கு. பிரஜாவுரிமை கேட்டு அவள் மனுப் போட்டு மூன்று வருஷமாயிற்று. இப்போதுதான் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். யுத்தத்துக்கு முந்திய காலந்தொட்டு இத்தீவில் இடையறாது வசித்து வந்தமைக்கான எழுத்து மூல அத்தாட்சியுடன் பங்குனி மாதம் இன்ன தேதியில் ஆஜராகவும் என்று வாசித்துச் சொன்னேன்.

"இடையறாதுன்னா என்னா மாமா?"

"எங்கயும் போகாம இங்கேயே கெடந்தியான்னு கேக்குறான்."

"எங்க போறது? டிக்கோயா ஆசுபத்திரிக்கு ரெண்டு தடவ போனேன். அதையும் எழுதணுமா?"

"அத எழுதாத. சும்மாவே எவனாவது எங்க எட விழுதுன்னு பாத்துக்கிட்டிருப்பான்."

அத்தாட்சி காட்டினால் அவள் இந்த ஊர்க்காரி. காட்டாவிட்டால் இந்த ஊரும் இல்லை, இந்தியாவும் இல்லை, நடுவில் கடல்தான். புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பெண்பிள்ளைகள். அவள் எந்த ஊரோ அதுதான் அவர்களுக்கும் ஊர். அத்தாட்சியோ ஆபீஸில், எலி கடிக்காத கட்டில், பத்திரமாக இருந்தது. நான் கவலைப்படவில்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அதே வாரம் தொரை நவீனமாகிவிட்டார்.

தொரைக்கு ஆபீஸ் பிடிக்காது. பெக்டரிதான் பிடிக்கும். ஒரு நாள் காலை கந்தப்பனை பெக்டரிக்குக் கூப்பிட்டு, சல்லடைகள் குலுங்கிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினார். தொரை தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுவார். அதிகாரம் செய்யத் தேவையான அளவு.

"கிளாக்கர், இங்கே தினம் எத்தனை ராத்தல் தேயிலை?"

"ரெண்டாயிரம் இருக்குங்க தொரை."

"காணாம போகுதா?"

"இல்லைங்க தொரை."

"ஏன் போகல? சல்லடை இருக்கு. பெரிய இலை மேலே நிக்குது. சின்ன இலை கீழே போகுது. தூள் அதுக்கும் கீழே. எது எங்கேன்னு மாட்டுக்கும் தெரியும். உன் ஆபீஸ்ல சல்லடை இருக்கா?"

"இல்லைங்க தொரை."

"அதுதான் சீக்கு."

அன்று மத்தியானமே ஆசாரி வந்தார். மரச்சட்டத்தில் நாலு சல்லடை அடித்தார். முழுத் தாள் நிற்பது முதலாம் தரம். அரைத் தாள் இரண்டாம் தரம். கால் தாள் மூன்றாம் தரம். உள்ளங்கை அளவு துண்டு நிற்பது நாலாம் தரம். அதிலும் நிற்காமல் கீழே விழுவது கழிவு. பதிவேடுகளின் விஞ்ஞான ரீதியான தரப்படுத்தல் என்று தொரை கம்பெனிக்கு எழுதினார்.

கந்தப்பன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"தொரை, செக்ரோலு புஸ்தகமுங்க. தைச்சிருக்கு. சல்லடையில போகாதுங்களே."

"தையலைப் பிரி."

"பொறந்த துண்டும் செத்த துண்டும் ஒரே அளவுங்க. ரெண்டும் ஒண்ணா விழுந்துருமுங்க."

தொரை யோசித்தார். "நல்லதுதானே? ஒரே எடத்துல தேடலாம்."

முப்பது வருஷத்துத் தையல் இரண்டு நாளில் பிரிந்தது. கடுதாசிகள் ஈரம் குடித்திருந்தபடியால், முதலில் அவற்றைக் கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் காற்று விட்டு வாட்டினார்கள். பிறகு மலையிலிருந்து ஐந்து பொம்பிளைகளைக் கூட்டி வந்து சல்லடை குலுக்க விட்டார்கள். நாகலெட்சுமியும் அதில் ஒருத்தி. லயத்தில் அவளுக்கு அடுத்த அறை, காம்பரா என்பார்கள், அங்கே இருக்கும் பேச்சியம்மா இன்னொருத்தி. பேச்சியம்மாவுக்கு வாய் அதிகம்.

"இந்தா போறாரு எங்க மாமனாரு, ரெண்டாம் சல்லடையில சிக்கிக்கிட்டாரு. உசுரோட இருக்கையிலயும் உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டாரு."

"சும்மா குலுக்குக்கா. கிளாக்கரய்யா பாக்குறாரு."

"பாக்கட்டும். அவரு மாப்பிள்ள அழைப்புக்குக் கடன் கேட்ட கடுதாசி முழுத் தாளு. மொதல் தரத்துல சேந்துருச்சு. நம்ம சனம் பூராவும் துண்டு. கீழ கொட்டிருச்சு பாரு."

உண்மைதான். தொரையின் கடிதப் போக்குவரத்து, கம்பெனிச் சுற்றறிக்கைகள், கந்தப்பனுடைய சர்வீஸ் பைல், பங்களாவுக்குத் திரைச்சீலை வாங்கிய விபரம் எல்லாம் முழுத் தாள். முதல் தரம். தோட்டத்து ஆண் பெண் ஆயிரத்துச் சொச்சம் பேரின் பிறப்பும் வேலையும் சாவும் பழசாகி, மடிந்து, ஓரம் தேய்ந்த துண்டுகள். நாலாம் சல்லடையிலும் நிற்கவில்லை. கழிவு. செக்ரோல் தாள்கள்கூட தையல் பிரித்த வேகத்தில் மூன்றாய் நாலாய்க் கிழிந்து கழிவோடு சேர்ந்துவிட்டன. அத்தனையையும் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டு, மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டார்கள்.

அன்று சாயந்தரம் நாகலெட்சுமி கடைக்கு வந்து, "மாமா, என்னயக் கழிவுல போட்டுட்டாங்க" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிப் போனேன். ஒரு கூடை லீக்ஸும் இரண்டு முட்டைக்கோவாவும் கையோடு எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு நியாயம் கேட்கப் போகிற பழக்கம் எனக்கில்லை.

கந்தப்பன் மேசையில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார். பதிவு கோருவோர் தாளின் அளவைக் குறிப்பிடவும் என்று அதில் எழுதியிருந்தது.

"வாங்க முதலாளி. என்னா வேணும்?"

"எங்க அக்கா மக பேர் பதிஞ்ச துண்டும், அவ வேலை செஞ்ச செக்ரோலும் ஒரு நகல் வேணும். விசாரணைக்கு."

"அளவு?"

"என்னாது?"

"துண்டு எத்தன அங்குலம்? நீளம், அகலம்?"

கூட வந்து நின்ற நாகலெட்சுமி குறுக்கே விழுந்தாள். "அய்யா, அது எழுதையில எனக்குப் பத்து வயசு. நான் இம்புட்டுதான் இருந்தேன்" என்று கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டினாள்.

"ஏ புள்ள, ஒன் அளவ யாரு கேட்டா? துண்டோட அளவச் சொல்லு."

"நீங்கதானே அய்யா எழுதுனீங்க?"

"எழுதுனது நாந்தான். இல்லேங்கல. எலி கடிக்காத கட்டு, மேலேருந்து மூணாவது. இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா கட்டு இல்லையே! இப்ப சல்லடைதானே!"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கந்தப்பன், நீங்க என்னா பேசுறீங்கன்னு தெரிஞ்சு பேசுறீங்களா? படிக்குக் கீழ சாக்குல கெடக்கு. நான் போயி அள்ளிப் பாத்து எடுத்துக்கிறேன்."

"கழிவு ரெக்கார்டு இல்ல முதலாளி. தரம் போட்டு, பெட்டியில வச்சு, பெட்டியிலேருந்து எடுத்துக் குடுத்தாத்தான் ரெக்கார்டு. சாக்குலேருந்து எடுத்தா அது குப்பை. குப்பையில நான் கையெழுத்துப் போடலாமா? தொரை கழுத்தத் திருகிருவாரு."

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் விளங்கியது. என் அக்கா மகள் குப்பை. திரைச்சீலை முதல் தரம். இதை விட்டுவிட்டு நான் பஸ் ஏறினால் ஹட்டன் சந்தையில் என்னை மதிப்பார்களா? வெறுங்காலோடு மூட்டை தூக்கி வந்தவன் நான். அந்தச் சந்தையில் மூன்றாம் தரத்து உருளைக்கிழங்கை முதல் தரமென்று பேசி நிறுத்தியிருக்கிறேன். ஒரு மனுஷியை நிறுத்த முடியாதா? கூடையை மேசையில் வைத்தேன். அதட்டினேன். அவருடைய கையெழுத்தின் அழகைப் புகழ்ந்தேன். அவருடைய மாப்பிள்ளை தறுதலை என்பதை எனக்குத் தெரியும் என்று ஞாபகமூட்டினேன். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவரிடம் சொல்லுவேன் என்றேன். பிறகு மறுபடியும் கையெழுத்தைப் புகழ்ந்தேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் கந்தப்பன் தணிந்தார்.

"சரி, ஒரு வழி இருக்கு. அவளோட துண்டையெல்லாம் பொறுக்கி, முழு அளவு மட்டையில கோந்து போட்டு ஒட்டிருவோம். அது மொதல் சல்லடையில நிக்கும். நின்னா மொதல் தரம். மொதல் தரத்துக்கு நான் நகல் குடுக்கலாம்."

"இப்பவே குடுங்க."

"அவசரப்படாதீங்க முதலாளி. பெட்டிக்குள்ள போயி வரணும். ரெண்டு வாரத்துல எல்லாப் பெட்டியும் ஆபீஸுக்கு வந்துரும். விசாரணைக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

அன்று பொழுது சாயும் வரை நானும் நாகலெட்சுமியும் சாக்குக்குள் தலையை விட்டுத் தேடினோம். பேர் பதிந்த துண்டு அகப்பட்டது. செக்ரோலில் அவள் பேர் இருந்த கீற்றுகள் பதினெட்டு வருஷத்துக்கும் அகப்பட்டன. ஒன்று விடாமல் மட்டையில் ஒட்டினோம். கந்தப்பன் சல்லடையைக் குலுக்கினார். நாகலெட்சுமி நின்றாள். சுற்றியிருந்த பொம்பிளைகள் பெருமூச்சு விட்டார்கள்.

பேச்சியம்மா சொன்னாள்: "மாமன் இருக்கிறவளுக்கு மட்டை. எங்களுக்குச் சாக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

முதல் தரம் இருபத்திரண்டு பெட்டி வந்தது. மற்ற மூன்று தரத்திலும் நின்ற சொற்பத்தை அவற்றின் இடுக்குகளிலேயே செருகிவிட்டார்கள். தோட்டத்தில் ஈரம் புகாத பெட்டி என்றால் தேயிலைப் பெட்டிதான். ஆகவே தேயிலைப் பெட்டியில், ஈயத்தாள் விரித்து, பெக்டரியின் பொட்டலக் கூடத்திலேயே அடுக்கினார்கள். முறைப்படி என்று தொரை சொல்லியிருந்ததால், முறைப்படி ஆணியடித்தார்கள். முறைப்படி தோட்டத்தின் பேர், தரம், நம்பர், எடை எல்லாம் அச்சுத் தகட்டை வைத்துக் கறுப்பு மையால் குத்தினார்கள். நாகலெட்சுமி பதினேழாம் பெட்டி. கந்தப்பன் தன் சர்வீஸ் பைலை ஏழாம் பெட்டியில் தானே கையால் வைத்துத் தடவிக் கொடுத்தாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டிகளை ஆபீஸுக்கு எடுத்து வர ஆட்களோடு பெக்டரிக்குப் போனார். தரை பளிச்சென்று இருந்தது.

"டீமேக்கரய்யா, இங்க இருந்த பெட்டியெல்லாம் எங்க?"

டீமேக்கர் சிவசாமி பெக்டரி வேலையில் நரைத்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க போகும்? நேத்து வியாழக்கெழமை. லொறி வந்துச்சு. ஹட்டன் டேசனுக்குப் போயிருச்சு. இன்னேரம் கொழும்பு."

"அது ரெக்கார்டு, அய்யா! தேயிலை இல்ல!"

"பெட்டியில மார்க்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தரம்?"

"இருந்துச்சு, ஆனா…"

"நம்பரு? எடை?"

"எல்லாம் இருந்துச்சுய்யா!"

"அப்புறம் என்னா? இருவத்தெட்டு வருசமா மார்க்குப் போட்ட பெட்டி வியாழக்கெழமை தாண்டி என் தரையில தங்குனதில்ல. ஒங்க பெட்டின்னா 'இது போகாது'ன்னு எழுதியிருக்கணும். போற பெட்டி மாதிரியே அலங்காரம் பண்ணிவச்சுட்டு, ஏன் போச்சுன்னு என்னயக் கேக்குறீங்க?"

"தூக்கையிலகூடத் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு. நம்ம தேயிலையவிட நல்ல கனம். இந்த மாசம் கொழுந்து நல்லாருக்குன்னு சந்தோசப்பட்டேன்."

கந்தப்பன் தொரையிடம் ஓடினார். தொரை கொழும்புக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்றார். தந்தி அடித்தால், ஆபீஸை ஏலத்துக்கு அனுப்பியவன் யார் என்று கிளப்பில் பேச்சு வரும். தேயிலையைச் சுவை பார்க்கிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவரை பொறு என்றார். நியாயமான பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். தேயிலைக்கும் கடுதாசிக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு உலகத்தில் இருக்குமா?

மூன்று வாரத்தில் தரகர் ஆபீஸிலிருந்து அறிக்கை வந்தது. பெட்டியைத் துளைத்து மாதிரி எடுத்திருக்கிறார்கள். வழக்கம்போலக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்து, வாயில் உறிஞ்சி, கொப்பளித்துத் துப்பியிருக்கிறார்கள். கந்தப்பன் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"சாயம் பழைய செம்பின் நிறம். ருசி அழுத்தமானது. முதிர்ந்த குணம். இலையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தென்படுகின்றன, குறையாகாது. இத்தோட்டத்தின் சரக்கு அண்மைக் காலத்தில் வெகுவாகத் தேறியுள்ளது."

இருபத்திரண்டு பெட்டியும் ஏலத்தில் முதல் கூப்பாட்டிலேயே போய்விட்டன. எடுத்தவர் நீர்.

தொரை ஒரு வாரம் கிளப்பில் மார்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இனி நிஜத்தைச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? பெட்டிகளைத் திரும்பக் கேட்டு நான் கந்தப்பனைக் கொண்டு கம்பெனிக்கு எழுதுவித்தேன். நாலு கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. விற்பனையான சரக்கு, அதை வாங்கியவர் தரத்தில் குறை உண்டென்று எழுத்து மூலம் முறையிட்டாலன்றித் திருப்பி எடுக்கப்படமாட்டாது. மேற்படி சரக்கைப் பற்றி முறைப்பாடு எதுவும் இல்லை. மாறாக, அதே தரத்தில் மேலும் கிடைக்குமா என்று விசாரித்துள்ளார்கள். இணைப்பாக, கப்பலில் ஏற்றியதற்கான சீட்டின் நகல்.

அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நாகலெட்சுமியோடு விசாரணைக்குப் போனேன்.

பேச்சியம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தவணை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கின கடுதாசி ஒரு கைப்பிடி எடுத்து மேசையில் கொட்டினாள். படிக்குக் கீழே கிடந்த சாக்கிலிருந்து பொறுக்கியது. இருபத்திரண்டு பெட்டியும் போன பிறகு தோட்டத்தில் மிச்சமிருந்த ரெக்கார்டு அந்தச் சாக்கு மட்டும்தான். ஆகவே தொரை அதற்கு முதல் தரம் என்று பட்டம் கட்ட, கந்தப்பன் யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதிகாரி துண்டுகளை வரிசையாக அடுக்கினார். தேதிகளைக் கூட்டிப் பார்த்தார். பேச்சியம்மாவின் கதை பத்து நிமிஷத்தில் முடிந்தது. சரி என்று எழுதிக்கொண்டார். அவளுக்குப் பின்னால் அதே சாக்கோடு பதினோரு பேர்.

பிறகு நாகலெட்சுமி. மேசையில் நான் சீட்டை வைத்தேன். அதிகாரி மரியாதையான மனுஷர். சிங்களத்தில் கேட்பார், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை அழகான தமிழில் சொல்லுவார்.

"உம்மைப் பற்றிய மூலப் பதிவு எங்கே என்று கேட்கிறார்."

"சீமைக்குப் போயிருச்சுங்க" என்றேன்.

"எப்போது?"

"சீட்டுலயே தேதி இருக்குங்க."

அதிகாரி சீட்டை இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"நாகலெட்சுமி என்பவரை இந்த ஆபீஸ் அவருடைய பதிவைக் கொண்டு மட்டுமே அறியும். அந்தப் பதிவு சென்ற மாதம் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறித் தீவை விட்டு வெளியேறியுள்ளதாக நீங்களே அத்தாட்சி தந்திருக்கிறீர்கள். ஆகவே, இந்த ஆபீஸ் அறிந்த நாகலெட்சுமி தற்சமயம் இந்நாட்டில் இல்லை. இடையறாத வாசம் என்ற நிபந்தனை முறிந்துவிட்டது என்கிறார்."

"நான் இந்தா நிக்கிறேனே சாமி!" என்றாள் நாகலெட்சுமி.

"நிற்பதை அவர் மறுக்கவில்லை. நிற்பவர் இன்னார் என்பதற்கு எழுத்து இல்லை என்கிறார்."

"என் மூஞ்சியப் பாக்கச் சொல்லுங்க. பதினெட்டு வருசம் கொழுந்து பறிச்ச கை இது. வெரலப் பாக்கச் சொல்லுங்க. கறுத்திருக்குல்ல?"

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். அதிகாரி அவள் விரலைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். பிறகு சொன்னார்.

"விரலைக் கடுதாசிக் கோவையில் சேர்க்க வழியில்லை என்கிறார்."

நாகலெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "கப்பல்ல போறவளுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மாமா? புள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

நான் சண்டை பிடித்தேன். மேசையில் குத்தினேன். அதிகாரி கோபப்படவில்லை, இரக்கப்பட்டார். தவணை ஆறு மாதம் தருகிறேன், அதற்குள் பதிவைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினால் மறுபடி பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். மூணுபாலத்துத் தொரையின் நவீன முறையைப் பற்றி மேலிடத்தில் கேள்விப்பட்டு மெச்சியிருக்கிறார்களாம். தங்கள் ஆபீஸிலும் கோவைகள் குவிந்து கிடக்கின்றனவாம். "சல்லடை அடிச்ச ஆசாரி பேரு என்னா?" என்று கேட்டார்.

கந்தப்பனுக்கு வருகிற சித்திரையில் ஓய்வு. முப்பது வருஷம் வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்டு கம்பெனி எழுதியிருக்கிறது. ஏழாம் பெட்டியில் இருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு, சாக்கில் தன் பேர் அகப்படுகிறதா என்று இப்போது தினமும் படிக்குக் கீழே குந்தியிருந்து துழாவுகிறார். அகப்படாது. அவர் முழுத் தாள்.

தோட்டத்தில் யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. பேச்சியம்மாகூடச் சொல்வதில்லை, அவள் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை. நான் தலையிடாமல் இருந்திருந்தால் நாகலெட்சுமி சாக்கோடு சாக்காகக் கிடந்து பத்து நிமிஷத்தில் ஊர்க்காரியாகியிருப்பாள். ஒன்றரை மணி நேரம் வாதாடி, கோந்து போட்டு, அவளைக் கப்பலேற்றிவிட்டவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டாயிற்று. இனி உம்முடையது.

நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர் என்று ராப்பகலாக யோசித்துப் பார்த்தேன். பெட்டியை உடைக்கவில்லை என்று சொல்லாதீர். மேலும் கிடைக்குமா என்று கேட்டவர் நீர். தமிழ் படிக்க வராது என்றும் சொல்லாதீர். படிக்க வராததைக் குடிக்க மட்டும் வந்ததோ? ஒரு தோட்டத்தின் பேரையும் நாளையும் கோட்டையும் கொதிநீரில் போட்டுக் குடித்திருக்கிறீர். வித்தியாசம் தெரியவில்லை உமக்கு. அப்படியானால் ஐயா, இதற்கு முன் நூறு வருஷமாக நீர் குடித்து வந்தது எதை?

அதற்குப் பதில் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு முறைப்பாடு. ஒரு தாளை எடுத்து, இது தேயிலை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும். ருசி நன்றாக இருந்தால்கூட நன்றாக இல்லை என்று எழுதும். வியாபாரத்தில் அந்தப் பொய்க்கு மன்னிப்பு உண்டு. மற்ற இருபத்தொரு பெட்டியையும் நீரே வைத்துக்கொள்ளும், தொரையின் கடிதங்களை நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியும். பதினேழாம் பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பும். தவணையில் ஐந்து மாதம் போய்விட்டது. கப்பலுக்கே மூன்று வாரம் ஆகும். இன்றைக்கே எழுதும் ஐயா, இன்றைக்கே!